டப்ஸ்டெப்: தாத்தா ஊர் ஜமைக்கா

என் மகன் நாள் முழுக்க டப்ஸ்டெப் என்ற எலக்ட்ரானிக் இசையைக் கேட்கிறான். அது ரெகேயிலிருந்து வந்தது என்று சாதிக்கிறான். எனக்குத் தெரிந்த ரெகே பாப் மார்லிதான். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லையே?
- ஈரோடு வாசகர்

பையன் சொல்வது சரிதான். ஆனால் பாப் மார்லி வழியாகத் தேடினால் அந்த உறவு பிடிபடாது. நடுவில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். பெயர் கிங் டப்பி. கிங்ஸ்டன் நகரில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். 1970களில் தன் வீட்டிலேயே ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்தார். பாடகர் நின்று பாடும் இடம் குளியலறை! மற்றவர்கள் பதிவு செய்துவந்த ரெகே பாட்டை எடுத்துக் குரலை நீக்கிவிடுவார். கிடார் ஒரு நொடி தலைகாட்டிவிட்டு எதிரொலியில் கரைந்துபோகும். மிஞ்சுவது டிரம்ஸும், பாஸ் என்ற தாழ்ந்த கனத்த ஒலியும். அதுதான் டப்.

டப்ஸ்டெப்புக்கு அப்பா கராஜ் என்ற லண்டன் நடன இசை, தாத்தாதான் டப். ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள் ஸ்பீக்கர் பெட்டிகளை மலைபோல அடுக்கும் சவுண்ட் சிஸ்டம் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். தெற்கு லண்டனில் ஜா ஷாகா 1970களிலிருந்து அப்படி ஒன்றை நடத்திவந்தார். 2000-ஐ ஒட்டி அதே தெற்கு லண்டனின் குராய்டனில், 'பிக் ஆப்பிள்' என்ற ரெகார்ட் கடையைச் சுற்றி ஸ்கிரீம், பெங்கா மாதிரி விடலைப் பையன்கள் கூடினார்கள். கிங் டப்பி மிக்ஸரில் செய்ததை இவர்கள் கம்ப்யூட்டரில் கராஜுக்குச் செய்தார்கள்.

தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். வேகம் நிமிடத்துக்கு 140 தட்டு. ஆனால் நான்கு எண்ணினால் ஸ்நேர் என்ற டிரம்மின் அடி விழுவது மூன்றில் மட்டும். அதனால் உடம்பு 70 என்றுதான் கணக்கு வைத்துக்கொள்ளும். அது ரெகேயின் நிதான நடை.

2006 மார்ச்சில் நான் லண்டனில் சவுண்ட் இன்ஜினியரிங் மாணவன். பிரிக்ஸ்டனில் ஒரு தேவாலயக் கட்டடத்துக்குள் இருந்த கிளப்பில் மாலா, கோக்கி, லோஃபா என்ற டப்ஸ்டெப்காரர்கள் மூவரும் நடத்திய டிஎம்இசட் நிகழ்ச்சிக்கு முதலாண்டு விழா. கூட்டம் கீழே இருந்த அறைக்குள் அடங்காமல் பெரிய ஹாலுக்கு மாற்றினார்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அன்றைக்குத்தான் அது விலா எலும்பில் வந்து உட்கார்ந்தது. சட்டைப் பட்டன் தானாக அதிர்ந்தது. 'பாஸின் கனத்தில் தியானிக்க வாருங்கள்' என்பது அவர்கள் நோட்டீஸ் வாசகம். கொஞ்சம் பீற்றல் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன்.

டப்பிளேட் என்கிறார்களே, அது என்ன?
- தஞ்சாவூர் வாசகி

அலுமினியத் தட்டில் லாக்கர் பூசி, ஒரே ஒரு பிரதி வெட்டி எடுக்கிற ரெகார்ட். 'என்னிடம் இருக்கும் பாட்டு உன்னிடம் இல்லை' என்று ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டங்கள் மல்லுக்கட்டியபோது பிறந்த வழக்கம். டப்ஸ்டெப்காரர்களுக்கு இதை வெட்டிக்கொடுத்தது ஃபாரஸ்ட் ஹில்லில் இருந்த டிரான்சிஷன் ஸ்டுடியோ. லாக்கர் மெத்தென்று இருப்பதால் ஓட்ட ஓட்டத் தேயும். பாட்டு கடைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கேட்க வேண்டுமானால் நேரில்தான் போக வேண்டும். கூட்டம் கத்தினால் டிஜே தட்டைப் பின்னால் சுழற்றி முதலிலிருந்து ஓட்டுவார். அந்த ஒன்ஸ்மோரும் ஜமைக்கா சரக்குதான்.

அமெரிக்க டப்ஸ்டெப்காரர் ஸ்கிரிலெக்ஸ் பாப் மார்லியின் மகனோடு பாட்டு போட்டிருக்கிறாரே?
- மதுரை கல்லூரி மாணவர்

ஆமாம், டேமியன் மார்லியோடு, 2012-ல், 'மேக் இட் பன் டெம்'. ஆட நன்றாக இருக்கும். ஆனால் மூச்சுவிட இடமில்லாமல் அடைத்துவைத்த பாட்டு. டப்பின் உயிரே அந்த இடைவெளிதான். என்னைக் கேட்டால் மாலாவின் 'ஆன்டி வார் டப்' கேளுங்கள். அப்புறம் தி பக் என்பவரின் 'லண்டன் ஜூ', 2008-ல் வந்த ஆல்பம்.

பாடகி எம்.ஐ.ஏ.வுக்கும் டப்ஸ்டெப்புக்கும் தொடர்பு உண்டா?
- யாழ்ப்பாணம் வாசகர்

உண்டு. 2010-ல் வந்த 'மாயா' ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு ரஸ்கோ என்ற டப்ஸ்டெப்காரர் கை கொடுத்திருக்கிறார். லீட்ஸ்காரர், அந்த ஊரின் இரேஷன் ஸ்டெப்பாஸ் என்ற டப் சவுண்ட் சிஸ்டத்தைக் கேட்டுப் பழகியவர்.

இதையெல்லாம் மொபைல் ஸ்பீக்கரில் கேட்டால் போதாதா?
- சேலம் வாசகர்

போதாது.