சுங்கை சிப்புட்டில் கல்யாணப் படம் எடுக்கத் தொடங்கும் தம்பிக்கு

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது தொழிற்சாலையில் வேலை. கிட் லென்ஸுடன் (கேமராவோடு சேர்த்தே வரும் லென்ஸ்) ஒரு கேமரா வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டு நலங்கு, காதுகுத்து எல்லாம் எடுத்துக் கொடுத்தேன், அங்பாவ் (உறையில் வைத்த அன்பளிப்புப் பணம்) கொடுத்தார்கள். கோயிலுக்குள் எடுத்தால் படம் மங்கலாகவும் முகம் கறுத்தும் வருகிறது. கடன் எடுத்துப் பெரிய கேமரா வாங்கலாமா? எவ்வளவு கேட்பது? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

பதில்:

தம்பி, கடன் எடுக்க வேண்டாம். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலில் நம் இந்தியச் சமூகத்துக்கென்று ஸ்புமி கடன் திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம்தான். ஆனால் கடன் வாங்குவது வேலை வந்துகொண்டிருக்கும் ஆள் செய்ய வேண்டியது. ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. அந்த மாதங்களிலும் தவணை கட்டியாக வேண்டும்.

படம் மங்குவதற்குப் பெரும்பாலும் லென்ஸ்தான் காரணம். கிட் லென்ஸை முழுக்க நீட்டினால் அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடினால் துளை சிறிது). 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பெரும்பாலான கம்பெனிகளில் ஆக மலிவான லென்ஸ்களில் அதுவும் ஒன்று. பழையது வாங்கினாலும் பரவாயில்லை, உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று கைவிளக்கு அடித்துப் பார்த்து வாங்குங்கள். உங்களுடையது சின்ன சென்சார் கேமராவாக இருந்தால் 50 மி.மீ. ஏறத்தாழ 75 அல்லது 80 மி.மீ. போல வேலை செய்யும். முகம் எடுக்க அது அருமையான அளவு. அகலக் கோணத்தில் கிட்டப் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும், ஒரு பெண்ணும் அந்தப் படத்தை மன்னிக்க மாட்டாள். எஃப் 1.8-இல் மாப்பிள்ளை கண் தெளிவாகவும் பக்கத்தில் பெண் மங்கலாகவும் விழலாம். இரண்டு பேர் என்றால் எஃப் 2.8, கூட்டம் என்றால் எஃப் 4-க்கு மேல் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறனை) பயப்படாமல் ஏற்றுங்கள். கொஞ்சம் மணல் போல இருக்கும் படத்தை யாரும் குறை சொல்வதில்லை. ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

முகம் கறுத்துப் போவது வேறு விஷயம். கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை வேட்டி, சரிகை, நகை, பின்னால் வெளிச்சம் என்று இத்தனையும் படத்தின் சட்டத்துக்குள் இருந்தால், “வெளிச்சம் அதிகம்” என்று நினைத்து எல்லாவற்றையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். அடி வாங்குவது முகம். அதனால் முகத்தை மட்டும் பார்த்து வெளிச்சத்தை அளவெடுங்கள், இல்லையென்றால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) முக்கால் ஸ்டாப் அளவுக்கு ஏற்றுங்கள், பிறகு திருத்த வசதியான ரா கோப்பாக எடுங்கள். சிவப்புப் பட்டுச்சேலைக்கு மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. சிவப்பு நிறம் சீக்கிரம் வெடித்துப் போகும், அப்புறம் சேலையில் ஒரு மடிப்பும் தெரியாது.

இதோடு சேர்த்து ஒன்று. எடிட்டிங்கில் யாரையும் வெளுப்பாக்காதீர்கள். வாடிக்கையாளர் கேட்பார், சில ஸ்டூடியோக்கள் கேட்காமலேயே செய்கின்றன. அப்படிச் செய்த ஆல்பத்தைத் திறந்தால் பெண் ஒரு நிறம், பக்கத்தில் நிற்கும் அவள் அம்மா ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். நம் கறுப்பு நிறத்தில் நல்ல வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது வருகிற பளபளப்பு இருக்கிறதே, அதைப் படத்தில் கொண்டுவரத் தெரிந்தவர்தான் நம் கல்யாணங்களை எடுக்கத் தகுதியானவர் என்று நான் நினைக்கிறேன். பரு, வியர்வை, கலைந்த மை இவற்றைத் தாராளமாகத் துடைத்துக் கொடுங்கள். நிறத்தைத் தொட வேண்டாம்.

சரி, கோயிலுக்கு வருவோம். உங்களுக்கு ஏற்கனவே ஒரு பலம் இருக்கிறது. நகரத்து ஸ்டூடியோவிலிருந்து வரும் ஆளுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் போகலாம். நீங்கள் சின்ன வயதிலிருந்து தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் பார்த்தவர். தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் ஆசீர்வாதத்துக்குச் சுற்றி எடுத்துப் போவார்கள் அல்லவா, அந்தச் சில நிமிடங்கள்தான் நீங்கள் இடம் பிடிக்கும் நேரம். அப்போது போய்ச் சாப்பாட்டுப் பந்தலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் முடிந்தது கதை. கெட்டிமேளம் கொட்டியதும் எல்லோரும் எழுந்து அட்சதை போடுவார்கள், கையில் போன்களும் எழும். அதற்குள் மணவறைக்கு முன்னால், கொஞ்சம் பெண் பக்கமாக, நீங்கள் முழங்காலிட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் கை, பெண்ணின் முகம், பின்னால் விளக்கு பிடிக்கும் நாத்தனார் மூன்றும் அங்கிருந்துதான் ஒன்றாகக் கிடைக்கும். முதல் முடிச்சிலிருந்து நாத்தனார் முடிச்சு வரை தொடர்ச்சியாக அடியுங்கள். அதற்குப் பிறகு ஒரு நொடி அம்மா பக்கம் கேமராவைத் திருப்புங்கள். நான் பார்த்தவரையில் குடும்பத்தார் பின்னால் அதிகம் கேட்டு வாங்குவது அந்தப் படத்தைத்தான்.

சடங்கு வீட்டுக்கு வீடு மாறும். பெண் எந்தப் பக்கம் உட்காருவாள், அம்மி மிதிப்பது உண்டா, எப்போது இடம் மாறுவாள் என்பதையெல்லாம் முதல் நாளே ஐயரிடமும் வீட்டுப் பெரியவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூலஸ்தானத்தைப் படம் எடுக்கலாமா என்றும் கேளுங்கள், பல கோயில்களில் கூடாது. வீடியோக்காரரிடம் முன்கூட்டியே பேசி யார் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மணவறை முன்னால் இரண்டு பேர் முதுகைக் காட்டிச் சண்டை போட்டுக்கொள்வது ஐயருக்கும் பிடிக்காது, கடவுளுக்கும் பிடிக்காது.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் அதே நேரத்தில் கோயிலுக்குப் போய் நின்று பாருங்கள். 1982 தொடக்கத்தில் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள், அதனால் இங்கே சூரியன் 7 மணிக்கு மேல்தான் எழுகிறது. ஆறரை மணி முகூர்த்தம் என்றால் வெளியே இன்னும் இருட்டு. நீங்கள் நம்ப வேண்டியது கோயில் விளக்கையும் உங்கள் பிளாஷையும்தான். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், குழல் விளக்கும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் குறுக்கே கருங்கோடு வந்தால் ஷட்டரை நொடியில் 100-இல் ஒரு பங்குக்கு இறக்குங்கள், சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். பிளாஷை நேராக முகத்தில் அடிக்காமல் வெள்ளைச் சுவரிலோ தாழ்வான கூரையிலோ பட்டுத் திரும்ப வையுங்கள். மண்டபத்தில் கூரை ரொம்ப உயரம், அங்கே இது பலிக்காது. அப்போது ஸ்டாண்டில் வைத்த இன்னொரு பிளாஷ் வேண்டும். மேடை அலங்காரக்காரர் ஊதா, இளஞ்சிவப்பு விளக்குகளைப் போட்டிருந்தால், சடங்கு நடக்கும் நேரத்துக்கு மட்டும் வெள்ளைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள். கேட்பதற்குத்தான் பலருக்குக் கூச்சம்.

வெளிப்புறப் படங்களுக்குத் தோட்டம் அழகுதான், ஆனால் தனியார் நிலம். மேனேஜர் அனுமதி வாங்கி, வாசலில் ஜாகாவிடமும் (காவலாளியிடமும்) சொல்லிவிட்டுப் போங்கள். செம்பனை மர நிழலில் இலைப் பச்சை முகத்தில் படியும். வெள்ளை அட்டை ஒன்றைப் பக்கத்தில் பிடித்து, நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸில் பச்சைக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளினால் சரியாகும். ரப்பர் மரங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிர்க்கும். அந்தச் சில வாரங்கள் வெளிச்சம் கிளைகளுக்கு நடுவே இறங்கி வரும், தவறவிடாதீர்கள். மாலையில் 6 மணிக்கு மேல் வெயில் தணிந்த நேரம் நல்லது. குளிர்சாதனக் காரிலிருந்து எடுத்த கேமராவில் பனி படியும், அதனால் பையை மூடியபடியே முன்னதாக வெளியே வைத்துவிடுங்கள். வீட்டில், மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும்படி லென்ஸை வையுங்கள். இந்த ஊர் ஈரத்தில் அலமாரியில் வைத்த லென்ஸ் பூஞ்சை பிடிக்காமல் தப்புவது கஷ்டம்.

கல்யாணம் மட்டுமே வேலை என்று நினைக்க வேண்டாம். உங்கள் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டி, பழக்குலை சுமந்து ஓய்ந்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு நல்ல படம் ஒன்று இருக்கிறது? காலமான பிறகு ஐ.சி. (அடையாள) அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு வைக்கிறோம். உயிரோடு இருக்கும்போதே, சிரித்த முகமாக, அவருக்குப் பிடித்த சட்டையோடு ஒரு படம் எடுத்துவைப்பது அந்த வீட்டுக்குச் செய்யும் பெரிய காரியம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிள்ளைகள் கோலாலம்பூரிலிருந்து வருவார்கள், அப்போது குடும்பப் படம் எடுத்துப் பிரேம் போட்டுக் கொடுங்கள். 8-க்கு 12 அங்குலம் அச்சிட 9 மெகாபிக்சல் போதும், உங்கள் கேமரா தாராளம். பட்டணத்துப் பழைய கடைகளுக்கு முன்னால் இருக்கிற அஞ்சடியில் (கூரையிட்ட நடைபாதையில்) காலை வெளிச்சம் பக்கவாட்டில் மென்மையாக வரும். ஒரு நாற்காலி போட்டு அவரைத் தெருவைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள், அவ்வளவுதான் ஸ்டூடியோ. முதலில் கேமராவை எடுக்காதீர்கள், எந்தப் பிரட்டில் (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்) வேலை செய்தார் என்று கேளுங்கள். பேச ஆரம்பித்த பிறகு வருகிற முகம் வேறு.

இப்போது காசு. அங்பாவ் அன்பளிப்பு, அதைக் கூலியாகக் கணக்கிடாதீர்கள். ஒரு கல்யாணத்துக்கு நலங்கு, முகூர்த்தம், விருந்து என்று மூன்று நிகழ்ச்சி இருந்தால் நிற்கும் மணி நேரம் ஒரு பங்கு, படம் தேர்ந்தெடுத்துத் திருத்துவது அதைவிடப் பெரிய பங்கு. உங்கள் தொழிற்சாலை வேலையில் ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்து, இந்த மொத்த நேரத்தால் பெருக்குங்கள். அதோடு ஆல்பச் செலவு, துணைக்கு வருபவர் சம்பளம், பெட்ரோல், டோல், வாடகை லென்ஸ், சாதனத் தேய்மானம். அதற்குக் கீழே இறங்கினால் நீங்கள் கைக்காசு போட்டு அடுத்தவர் கல்யாணத்தை நடத்துகிறீர்கள் என்று அர்த்தம். சொந்தக்காரருக்குக் குறைக்க விரும்பினால், ரசீதில் முழு விலையை எழுதி, கீழே கழிவைக் காட்டுங்கள். அடுத்தவர் அந்தக் குறைந்த விலையைச் சொல்லிக்கொண்டு வரமாட்டார். முன்பணம் வாங்கிய பிறகே தேதியைக் குறியுங்கள்.

காசு வாங்கத் தொடங்கினால் 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் (வணிகங்களைப் பதியும் அரசு ஆணையம்) பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. இதைவிடப் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, ஒருவர் உங்களை அமர்த்தி எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அமர்த்தியவருக்கே போய்விடும். எடுத்தவருக்குத்தான் சொந்தம் என்று நினைத்துப் படங்களை விளம்பரத்துக்குப் போட்டால் சிக்கல். அதனால் ஒரு பக்கத்தில் எளிய ஒப்பந்தம் எழுதுங்கள். தேதி, எத்தனை மணி நேரம், எப்போது ஆல்பம் கிடைக்கும், கல்யாணம் தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும், படங்களின் உரிமை யாருக்கு, நீங்கள் மாதிரியாகக் காட்டலாமா, இவை இருந்தால் போதும். இரண்டு பக்கமும் கையெழுத்து.

முதல் சில கல்யாணங்களைத் தனியாக ஒப்புக்கொள்ள வேண்டாம். ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர்தான். அங்கே ஏதாவது ஒரு ஸ்டூடியோவில் இரண்டாவது ஆளாகப் போய் நில்லுங்கள். போன் திரையைக் காட்டாமல், நல்லதாகப் பார்த்து அச்சிட்ட படங்களைக் கையில் எடுத்துப் போங்கள். அவர்கள் எடுப்பதை மட்டும் பார்க்காமல், மெமரி கார்டு நிறைந்தால் என்ன செய்கிறார்கள், மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் குடும்பப் படத்தில் எப்படி இடம் கொடுக்கிறார்கள் என்றெல்லாம் கவனியுங்கள். தனியாக இறங்கும் நாளில் இரண்டு கார்டு போடும் கேமராவை வாடகைக்கு எடுத்து, உங்களுடையதை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தூங்குவதற்கு முன் படங்களை மடிக்கணினியிலும் வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் ஏற்றுங்கள், இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். ஆல்பம் கைக்குப் போகும் வரை கார்டை அழிக்கக் கூடாது.

வேலையை இப்போது விடாதீர்கள். இங்கே கல்யாணங்கள் பெரும்பாலும் சனி ஞாயிறில்தான் வைக்கிறார்கள், தொழிற்சாலை வேலையோடு சமாளிக்கலாம். ஓர் ஆடியிலிருந்து அடுத்த ஆடி வரை வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கல்யாணம் இல்லாத மாதங்களையும் தாத்தா பாட்டி படங்களும் குடும்பப் படங்களும் தாங்குகின்றன என்று அந்த நோட்டு காட்டினால், அப்போது ராஜினாமா பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.