ஆட்டம் குறைந்த நீரில் தூண்டில் போட

கேள்வி: என் தந்தைக்கு வரும் ஆடி மாதம் 70 வயது நிறைகிறது. சிறு வயது முதலே தூண்டில் போடுவதில் அவருக்குத் தீராத ஆசை. அதனால் குடும்பத்தோடு ராமேசுவரம் சென்று, நான்கு மணி நேரம் கடலில் படகில் இருந்து மீன்பிடிக்கும் பயணம் ஒன்றுக்குப் பதிவு செய்ய நினைத்தேன். ஏற்பாட்டாளர் ஆடிப்பெருக்கு விடுமுறையில் வரச் சொல்லி முன்பணமும் கேட்கிறார். என் மனைவியும் 9 வயது மகளும் ஏற்காட்டு மலைப்பாதையில் பாதி வளைவுகளைக் கடப்பதற்குள் வாந்தி எடுத்துவிடுவார்கள். “அது குளம் மாதிரி அமைதியான கடல், ஒன்றும் செய்யாது” என்கிறார் ஏற்பாட்டாளர். நம்பலாமா? மாத்திரை போட்டுக்கொண்டால் போதுமா? அல்லது சேலத்துக்கு அருகிலேயே வேறு வழி உண்டா?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஏற்பாட்டாளர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நாள்தோறும் கடலில் நிற்கும் ஒருவருக்கு அமைதியாகத் தோன்றும் நீர், ஏற்காட்டு வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொள்ளும் உங்கள் மகளுக்கும் அமைதியாக இருக்கும் என்று அவரால் உறுதி தர முடியாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு போவதாக இருந்தால் கடலை விட்டுவிடுங்கள். ஆடி மாதத்தையும் விட்டுவிடுங்கள். தை அல்லது மாசியில், காவிரிக் கரையில் பூலாம்பட்டிப் பக்கம், கரையை இருப்பிடமாகவும் படகைக் கூடுதல் மகிழ்ச்சியாகவும் வைத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுதைத் திட்டமிடுங்கள்.

குமட்டல் வயிற்றில் தொடங்குவதில்லை. உடல் எந்தப் பக்கம் அசைகிறது என்பதை உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதே நேரத்தில் கண்கள் படகின் தரையையோ கையில் உள்ள கைப்பேசியையோ பார்த்து, ‘எதுவும் அசையவில்லை’ என்கின்றன. இந்த முரண்பாடு நீடிக்கும்போதுதான் வியர்வை, வாயில் நீர் ஊறுதல், கொட்டாவி, பிறகு வாந்தி என்று வரிசையாக வருகின்றன. எல்லா அசைவும் ஒரே அளவில் படுத்துவதில்லை. மேலும் கீழுமாக, ஏறக்குறைய 5 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெதுவான அசைவே மனிதர்களை மிகுதியாகக் குமட்ட வைக்கிறது என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கடல் அலையின் மேல் நங்கூரமிட்டு நிற்கும் படகு பெரும்பாலும் அந்த வேகத்துக்கு அருகில்தான் ஆடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் படகைவிட நின்றுகொண்டிருக்கும் படகு மோசமானது என்பதைக் கவனியுங்கள். தூண்டில் போடுவதற்கோ படகு நின்றாக வேண்டும். அதோடு டீசல் புகையும் இரைக்காக வைத்திருக்கும் மீன் துண்டுகளின் வாடையும் சேர்ந்துகொண்டால், திடமான வயிறுகூடச் சற்றுத் தயங்கும்.

‘அமைதியான கடல்’ என்பதற்கும் பருவம் உண்டு. ராமேசுவரத் தீவுக்கு வடக்கே ஆழம் குறைந்த பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் ஒருபுறத்தைப் பெண்கடல் என்றும் மறுபுறத்தை ஆண்கடல் என்றும் மக்கள் அழைப்பதை நீங்கள் கேட்டிருக்கலாம். தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும். வடக்குப் பக்கம் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிய பின் ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை மாறிவிடும். ஆகவே படகு எந்தப் பக்கம் போகிறது, எந்த மாதத்தில் போகிறது என்று கேட்காமல் ‘அமைதி’ என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அந்தப் படகு பயணிகளை ஏற்ற முறையான அனுமதி பெற்றதா, ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு மேலங்கி தருவார்களா என்பவற்றையும் கேட்க வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய தடையாகத் தோன்றுவது அந்த நான்கு மணி நேரம். உடல் கடலுக்குப் பழகுவது உண்மைதான். ஆனால் அதற்குப் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாள்கள் தொடர்ந்து கடலில் இருக்க வேண்டும். அரை நாள் பயணத்தில் பழகுவதற்கு முன்பே கரை வந்துவிடும். சிலருக்குப் பழக்கமே வருவதில்லை. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வினுக்குக் கடைசி வரை கடல் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் கடற்படைத் தளபதி நெல்சனும் இந்தத் தொல்லையை அனுபவித்தவரே. உங்கள் மனைவி தம்மைப் பலவீனமானவர் என்று நினைத்துக் கூச்சப்பட்டால் இந்த இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள். மகளைப் பற்றியும் கவலை வேண்டாம். இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கே இது மிகுதியாக வருகிறது, வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. மனைவிக்கு ஒற்றைத் தலைவலி உண்டா என்று மட்டும் நினைத்துப் பாருங்கள், ஏனெனில் அது உள்ளவர்களுக்குப் பயணக் குமட்டலும் எளிதில் வரும்.

இனி சேலத்துக்கு வருவோம். மேட்டூர் என்றதும் எல்லோருக்கும் அணைதான் நினைவுக்கு வரும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிறைந்திருக்கும்போது நீர் 150 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கும். உங்களைப் பொறுத்தவரை இந்தப் பரப்பே குறை. நீர் எவ்வளவு தூரம் தடையின்றி விரிந்திருக்கிறதோ அவ்வளவுக்குக் காற்று அதில் அலை எழுப்பும். அம்மியும் பறக்கும் என்கிற ஆடிக்காற்றில், பண்ணவாடியிலிருந்து நாகமரைக்குப் பரிசலில் போகிறவர்களைக் கேட்டால் அணையிலும் அலை உண்டு என்று சொல்வார்கள். கோடையில் நீர் வெகுவாக இறங்கி, பண்ணவாடியில் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும் காலத்தில் கரையில் சேறு மிகுந்துவிடும். வயதானவருக்கு அது உகந்ததல்ல.

பூலாம்பட்டியின் சாதகம் வேறு. மேட்டூருக்குக் கீழே நெருஞ்சிப்பேட்டைக் கதவணை காவிரியைத் தேக்கி நிறுத்துவதால், ஆறு அங்கே ஏரி போலத் தளும்பி நிற்கிறது. ஆனால் அகலம் ஆற்றின் அகலமே. காற்று அலையெழுப்ப இடம் போதாத அந்த நீரில், அதிகாலையில் சிற்றலைகளுக்கு மேல் எதையும் காண்பது அரிது. ‘குட்டிக் கேரளா’ என்ற செல்லப் பெயர் சற்று மிகை என்றாலும், அக்கரை நெருஞ்சிப்பேட்டைக்குப் படகில் போய்வருவது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிற இனிய பயணம். குமட்டல் தொடங்கினாலும் அது முற்றுவதற்குள் கால் தரையில் பட்டுவிடும். உங்கள் குடும்பத்துக்கு நான் தேடுவது இதைத்தான். சேலத்திலிருந்து எடப்பாடி வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கொண்டை ஊசி வளைவுகள் இல்லாத சமவெளிச் சாலை என்பதால், கரையைச் சேரும்போதே களைத்துப்போயிருக்க மாட்டார்கள். படகில் ஏறுகிறவர்களில் பலர் நீரைக் குறை சொன்னாலும், வரும் வழியிலேயே குமட்டல் பாதி தொடங்கியிருக்கும்.

அந்தக் காரணத்துக்காகவே ஏற்காட்டு ஏரியை நான் பரிந்துரைக்கவில்லை. ஏரி அமைதியானதுதான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தபின் அல்லவா அதை அடைய வேண்டும்! மேலும் அங்குள்ள படகுத்துறை உல்லாசச் சவாரிக்கானது, தூண்டிலுக்கானது அன்று. என்றாலும் அதை ஒரு சோதனைக்குப் பயன்படுத்தலாம். அடுத்த முறை ஏற்காட்டில் இரவு தங்கினால், மறுநாள் காலை மகளை அரை மணி நேரம் துடுப்புப் படகில் அழைத்துச் செல்லுங்கள். அவள் தெளிவாக இருந்தால், அவளுக்குப் பகை வளைவுகளே தவிர நீர் அல்ல என்று ஓரளவு தெரிந்துவிடும்.

பரிசலைப் பற்றி ஒரு வார்த்தை. அமைதியான நீரில் பரிசல் ஏறி இறங்காது, ஆனால் சுழலும். ஒகேனக்கல்லில் பரிசலோட்டிகள் பயணிகளை மகிழ்விக்க வேண்டுமென்றே சுழற்றிக் காட்டுவதுண்டு. சுழற்சி உள்காதுக்குச் சற்றும் பிடிக்காதது. பரிசலில் ஏறுவதாக இருந்தால், ஏறுவதற்கு முன்பே “அண்ணா, சுத்த வேண்டாம், நேராக் கொண்டு போங்க” என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அணையிலும் ஆற்றிலும் மீன்பிடி உரிமை மீன்வளத் துறையிடம் உரிமம் பெற்ற மீனவர்களைச் சார்ந்தது. ஆகவே எந்த இடத்தில் தூண்டில் போடலாம் என்று அவர்களிடமும், தேவைப்பட்டால் துறை அலுவலகத்திலும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். உரிமம் பெற்ற உள்ளூர் மீனவர் ஒருவரையே உடன் வரச் சொல்லி அவருக்கு உரிய கூலியைக் கொடுப்பது எல்லா வகையிலும் நல்லது. ஜிலேபி மீன் எங்கே கூடும், கெளுத்தி எந்த ஆழத்தில் கடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். மேட்டூரிலிருந்து உபரிநீர் திறக்கும்போது ஆற்றின் நிலை விரைவில் மாறும்; அப்போது படகுப் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். ஆடியில் வர வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காற்றும் ஆடிப்பெருக்குக் கூட்டமும் மட்டுமின்றி இதுவும் காரணம்.

அன்றைய காலை வெறும் வயிற்றோடு யாரும் வர வேண்டாம். புறப்படுவதற்கு முன் இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரங்கள் திரும்பி வரும்போது இருக்கட்டும். காரில் மகளை விட மனைவிக்கு முன் இருக்கை தாருங்கள். மகள் பின்னிருக்கையின் நடுவில், சாலை தெரியும்படி அமரட்டும். ஓட்டுநருக்குக் குமட்டுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அடுத்த திருப்பம் அவருக்கு முன்பே தெரியும். படகிலும் அதே விதிதான்: நடுப்பகுதியில், போகும் திசையைப் பார்த்தபடி, எதிர்க்கரை மரங்களில் கண்ணை வைத்து அமர வேண்டும்.

தூண்டில் போடுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. முள்ளில் மண்புழு கோப்பதும் தூண்டில் நரம்பின் சிக்கலை எடுப்பதும் குனிந்து அருகில் பார்க்கும் வேலைகள். ஆடும் படகில் இவைதாம் முதலில் தலையைச் சுற்ற வைக்கும். எல்லாவற்றையும் கரையிலேயே கட்டி முடித்துக்கொண்டு ஏறுங்கள். நீரில் மிதந்து மீன் கடித்ததைக் காட்டும் தக்கையையே உற்றுப் பார்ப்பதும் அப்படித்தான். தக்கை நீரோடு ஆட, கண் தக்கையோடு ஆட, உடல் படகோடு ஆடும். படகில் இருக்கும்போது தக்கை இல்லாமல் அடிமட்டத்தில் இரையைப் போட்டு, கோலின் நுனியில் சிறு மணி ஒன்றைக் கட்டிவிட்டால், மீன் கடித்ததைக் காது சொல்லிவிடும். கரையில் தக்கை எவ்வளவு ஆடினாலும் பாதகமில்லை.

மாத்திரையைப் பொறுத்தவரை, பூலாம்பட்டிக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. கார்ப் பயணத்துக்கு வேண்டுமென்றால் மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட், புரோமெத்தசின் வகை மருந்துகளை மருத்துவர் சொல்லலாம். இவற்றைக் குமட்டல் வந்தபின் விழுங்கிப் பெரிய பயனில்லை; புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். உறக்கம் வரும் என்பதால் காரோட்டுகிறவர் தொடக்கூடாது. உங்கள் தந்தைக்குக் கண்ணழுத்த நோயோ (கிளாக்கோமா) புராஸ்டேட் தொல்லையோ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். மகளுக்குரிய அளவையும் அவரே முடிவு செய்ய வேண்டும். வீட்டில் வாந்திக்கென்று பலர் வைத்திருக்கும் ஆன்டான்செட்ரான் வேறு வகை வாந்திக்கானது. பயணக் குமட்டலைத் தடுப்பதில் அது உதவுவதில்லை. இஞ்சி மரப்பாவைச் சப்புவதில் தீங்கில்லை, பயன் ஆளுக்கு ஆள் மாறுபடும்.

முன்பணத்தை இப்போது கட்ட வேண்டாம். உங்கள் தந்தைக்குக் கடலே வேண்டும் என்ற ஆசை உள்ளூர இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். அவருக்கு வியப்பாக வைத்திருக்கும் திட்டம் வெளிப்பட்டுவிடுமே என்று தயங்காதீர்கள். கடல்தான் வேண்டும் என்றால், காற்று தணிந்த மாசியில், மருத்துவரின் ஒப்புதலோடு அவரும் நீங்களும் மட்டும் இரண்டு மணி நேரப் பயணமாகப் போய்வாருங்கள். இடையில் திரும்பச் சொன்னால் திரும்புவார்களா என்று கேட்டு, ‘ஆம்’ என்றால் மட்டும் பதிவு செய்யுங்கள். அந்த வேளையில் உங்கள் மனைவியும் மகளும் ராமேசுவரம் கோயில் பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கலாம்.