நீதிபதியை ஓட்டுப் போட்டு நீக்கலாமா?

கேள்வி: மயங்கிக் கிடந்த பெண்ணிடம் பாலியல் வன்முறை செய்த ஸ்டான்ஃபோர்ட் மாணவனுக்கு வெறும் ஆறு மாதம் கொடுத்த நீதிபதியை கலிஃபோர்னியா மக்களே ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்த உரிமை நமக்கும் வேண்டாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானதுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2015 ஜனவரியில் நடந்த குற்றம் அது. சைக்கிளில் வந்த இரண்டு ஸ்வீடன் மாணவர்கள் பார்த்துத் துரத்திப் பிடிக்காமல் இருந்திருந்தால் வழக்கே இருந்திருக்காது. மூன்று குற்றச்சாட்டுகளும் நிரூபணமாகி, 14 ஆண்டுகள் வரை கொடுக்கலாம் என்ற நிலையில், அரசுத் தரப்பு ஆறு ஆண்டுகள் கேட்டது. சிறை அவன் வாழ்க்கையைக் கடுமையாகப் பாதிக்கும் என்று சொல்லி நீதிபதி ஏரன் பெர்ஸ்கி ஆறு மாதம் விதித்தார், அதிலும் மூன்றே மாதத்தில் அவன் வெளியே வந்துவிட்டான். அந்தப் பெண் நீதிமன்றத்தில் வாசித்த நீண்ட வாக்குமூலத்தைப் படித்த யாருக்கும் வயிறு எரியாமல் இருக்காது. அந்தத் தண்டனை தவறு. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அது சட்டத்துக்கு உட்பட்ட தண்டனை. குற்றவாளியைப் பற்றி விசாரித்து நீதிமன்றத்துக்குச் சொல்லும் நன்னடத்தை அதிகாரிகளின் அறிக்கையே உள்ளூர்ச் சிறையில் குறுகிய காலம் போதும் என்றுதான் பரிந்துரைத்திருந்தது, நீதிபதிகளின் நடத்தையை விசாரிக்கும் ஆணையமும் பெர்ஸ்கி மீது குற்றமில்லை என்றது. குறை சட்டத்தில்தான் இருந்தது. பலாத்காரத்துக்குக் கட்டாயச் சிறை என்று எழுதியவர்கள், நினைவில்லாமல் கிடந்தவரிடம் நடந்த குற்றத்தை அதில் சேர்க்கவில்லை. மக்களின் கோபம் 2016 செப்டம்பரிலேயே அந்தச் சட்டத்தைத் திருத்த வைத்தது. அதுதான் உண்மையான வெற்றி. அந்தத் திருத்தத்துக்கு முன்நின்றவரே, இந்த வழக்கை நடத்திய மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜெஃப் ரோசன்தான். ஆறு ஆண்டுகள் கேட்ட அலுவலகத்தின் தலைவர், ஆனால் நீதிபதியை நீக்கும் வாக்கெடுப்பை அவர் எதிர்த்தார்!

வாக்கெடுப்பு 2018 ஜூனில் நடந்தது, 60 சதவீதத்துக்கும் மேல் நீக்கச் சொன்னார்கள், பெர்ஸ்கி போனார். சரி, அதனால் யாருக்கு என்ன ஆனது? கலிஃபோர்னியாவின் ஆறு மாவட்டங்களின் தீர்ப்புகளை இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். நீக்கும் இயக்கம் அறிவிக்கப்பட்ட உடனேயே மற்ற நீதிபதிகள் கொடுத்த தண்டனை ஏறத்தாழ 30 சதவீதம் கூடியிருந்தது. பயம்தான், வேறென்ன? குற்றவியல் நீதிமன்றத்தில் தினமும் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் வக்கீல் வைக்கக் காசில்லாத ஏழைகள், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர். பணக்கார வீட்டுப் பையன் மேல் வந்த கோபத்துக்கு அவர்கள் கூடுதல் காலம் கம்பி எண்ணினார்கள். இலவச சட்ட உதவி வக்கீல்கள் பலர் இதை முன்கூட்டியே சொல்லி எச்சரித்தும் கேட்க ஆளில்லை. ஓட்டுக்குப் பயந்து தீர்ப்பு எழுதும் நீதிபதி நாளைக்கு உங்கள் பிள்ளை வழக்கையும்தான் எழுதுவார்.

நம் ஊரில் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, அதை யாருமே கேட்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று விடுதலையானால் பாதிக்கப்பட்டவர் அப்பீல் போகலாம். குற்றத்தைச் சிறியதாகக் குறைத்தாலும், இழப்பீடு போதாவிட்டாலும் போகலாம். ஆனால் தண்டனை போதாது என்று மட்டும் அப்பீல் போக முடியாது, அந்த உரிமை அரசுக்குத்தான். 2020-இல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்புறம் 2024 ஜூலையில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்ததே, அதிலும் 413-ஆம் பிரிவில் பழைய சட்டத்தின் வரிகளை அப்படியே வைத்துவிட்டார்கள். அரசு அப்பீல் போகாமல் உட்கார்ந்துவிட்டால், மகளைப் பறிகொடுத்த அம்மா என்ன செய்வாள்? அந்தப் பிரிவில் 'தண்டனை போதாவிட்டாலும்' என்று சேர்க்கச் சொல்லி உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.