அட்ரினலின் போடத் தயங்கும் கைகள்

கேள்வி: புதிதாகச் சேர்ந்த செவிலியர்களுக்கு அவசர மருந்து வகுப்பு எடுக்கிறேன். டோஸ் எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார்கள், ஆனால் ஒத்திகையில் ‘நோயாளிக்குக் கடும் ஒவ்வாமை’ என்றதும் அட்ரினலினைத் தொடவே பயப்படுகிறார்கள். எப்படிப் பழக்குவது?

பதில்: அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரே மருந்து, இரண்டு அவசரங்கள், இரண்டு வழிகள். கடும் ஒவ்வாமையில் பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடையின் நடு வெளிப்பக்கத் தசையில்; குணம் தெரியாவிட்டால் 5 நிமிடத்தில் இன்னொரு முறை. இதயம் நின்றுபோனால் 1 மி.கி., சிரை வழியாக, 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. இந்த இரண்டாவதை, இதயம் துடித்துக்கொண்டிருக்கும் ஒவ்வாமை நோயாளிக்கு அப்படியே சிரையில் ஏற்றிவிட்டால் ரத்த அழுத்தம் எகிறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், உயிருக்கே ஆபத்து. போதாக்குறைக்கு 1:1000, 1:10,000 என்று லேபிளில் விகிதம் வேறு குழப்பும். முதலாவதில் 1 மி.லி.க்கு 1 மி.கி., இரண்டாவதில் அதே 1 மி.கி. 10 மி.லி.யில் கலந்திருக்கிறது. விகிதத்தை விட்டுவிட்டு எப்போதும் மி.கி.யில் பேசவும் எழுதவும் பழக்குங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ஆனால் தொடைத் தசையில் சரியான அளவு போடும்போது ஆபத்து குறைவு, தாமதம்தான் பெரிய ஆபத்து என்பதை அவர்கள் மனதில் பதிய வைக்க வேண்டும். ஆன்டிஹிஸ்டமினும் (அரிப்பு, தடிப்பைக் குறைக்கும் ஒவ்வாமை மருந்து) ஸ்டீராய்டும் முதலில் போட்டுப் பார்ப்போம் என்று காத்திருப்பது தவறு. மூச்சுக்குழாய் அடைப்பையோ சரியும் ரத்த அழுத்தத்தையோ அவை உடனே சரிசெய்யாது.

ஸ்லைடு காட்டி இதெல்லாம் வராது. ஆம்பூலை (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) அவர்களே உடைக்கட்டும், 1 மி.லி.க்கு 1 மி.கி. உள்ளதிலிருந்து சிரிஞ்சில் 0.5 மி.லி., அதாவது 0.5 மி.கி. இழுக்கட்டும், மருந்தின் பெயர், அளவு, வழி மூன்றையும் சத்தமாகச் சொல்லிவிட்டு பயிற்சிப் பொம்மையின் தொடையில் குத்தட்டும். ஒன்று மட்டும் கவனம்: பயிற்சி ஆம்பூல்களில் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், முடிந்ததும் எண்ணி எடுத்துப் பூட்டுங்கள். அதில் ஒன்று நிஜ மருந்து வண்டிக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: வருடத்துக்கு ஒரு நாள் முழுப் பயிற்சி தருகிறோம். போதாதா?

பதில்: போதாது. கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். அந்த ஒரு நாள் இருக்கட்டும், அப்புறம் மாதம் ஒரு முறை பத்து நிமிடம், வார்டிலேயே, அங்கே இருக்கிற மருந்து வண்டியை வைத்தே ஒத்திகை செய்யுங்கள். இரவு டியூட்டிக்காரர்களை விட்டுவிடாதீர்கள், ஆள் குறைவாக இருக்கிற நேரம் அதுதான்.

கேள்வி: அவசரத்தில் டாக்டர் வாய்மொழியாகச் சொல்லும் மருந்தை ‘இதுதானே?’ என்று திருப்பிக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறதே?

பதில்: வரட்டும், கேட்கத்தான் வேண்டும். சொன்னதைத் திருப்பிச் சொல்லி, ‘சரி’ என்று பதில் வந்த பிறகு மருந்து போட்டு, போட்டாயிற்று என்று நேரத்தோடு அறிவிப்பது, கூடுதலாகச் சில விநாடிகள்தான் பிடிக்கும். டாக்டர்களையும் அதே ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள், செவிலியர்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து இந்தப் பழக்கம் நிலைக்காது. ‘கொஞ்சம் அட்ரினலின் குடுங்க’ என்று டாக்டர் சொன்னால் எத்தனை மி.கி., எந்த வழியில் என்று கேட்காமல் ஆம்பூலை உடைக்கக் கூடாது என்பதை எழுத்திலேயே விதியாகப் போடச் சொல்லி உங்கள் மேலாளரிடம் கேளுங்கள்.