கோடு ஐந்தும் இருக்கிறது, படம் மட்டும் ஏன் நிற்கிறது?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடு: "சிக்னல் முழுதாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் ஓடவில்லை." ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த ஒரு பதில் விளங்கினால் கீழே உள்ள சில கேள்விகளுக்கும் விடை தானாக வந்துவிடும்.

வெள்ளவத்தையில் எட்டாம் மாடியில் இருக்கிறோம். ஜன்னலில் நின்றால் கடலும் தெரிகிறது, கைப்பேசியில் ஐந்து கோடும் தெரிகின்றன. இரவு ஏழு மணிக்கு ரொறன்ரோவில் இருக்கும் மகளோடு வீடியோவில் கதைத்தால் அவள் முகம் உறைந்து நிற்கிறது. காலையில் அதே இடத்தில் ஒரு குறையும் இல்லை. கைப்பேசி பழுதா? – வெள்ளவத்தை

கைப்பேசியில் பழுது இல்லை, அம்மா. அந்தக் கோடுகள் சொல்வது கோபுரத்தின் குரல் உங்கள் வீட்டில் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டும்தான். உங்களுக்குக் கொடுக்க அதன் கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதை அவை சொல்லமாட்டா. வழமையான ஒரு கோபுரத்தில் மூன்று முகங்கள், ஒவ்வொன்றும் சுமார் 120 பாகையைப் பார்க்கும். 4ஜியில் 20 மெகாஹேர்ட்ஸ் அகலமான அலைவரிசையும் இரண்டு அண்டெனாவும் இருந்தால், எல்லாம் கூடிவந்த நேரத்தில் ஒரு முகத்துக்குச் செக்கனுக்கு 150 மெகாபிட் வரை கிடைக்கும். அது உங்கள் ஒருவருக்கு அல்ல, அந்தத் திசையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே பானை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் எத்தனை தொடர்மாடிகள் எழுந்துவிட்டன என்பதை ஜன்னலில் நின்று எண்ணிப் பாருங்கள். இரவு ஏழு மணிக்கு அத்தனை பேரும் வீட்டில். அத்தனை பேருடைய பிள்ளைகளும் கனடாவில் எழும்பும் நேரமும் அதுதான்.

இன்னொரு காரணம் உயரம். அண்டெனாக்களைச் சில பாகை கீழ்நோக்கிச் சாய்த்துத்தான் பூட்டுவார்கள், தெருவில் நடப்பவருக்காக. எட்டாம் மாடியில் நிற்பவருக்கு ஒரு கோபுரம் அல்ல, ஐந்தாறு கோபுரங்கள் ஒரேயடியாகக் கேட்கும். 4ஜியில் பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் ஒரே அலைவரிசையையே பாவிப்பதால், உங்களுக்கு உரியதைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல். கடல் பக்கம் மறைக்க ஒன்றுமே இல்லாததால் தூரத்துக் கோபுரமும் வந்து சேர்ந்துகொள்ளும்.

உங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி உறவினர் ஒருவருக்கு இதே தொல்லை இருந்தது. அளவு காட்டும் செயலியோடு போனேன். பல்கனியில் சிக்னல் பலம் மைனஸ் 81 டிபிஎம் (பூச்சியத்தை நெருங்க நெருங்கப் பலம் கூடும்), அருமையான எண். ஆனால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் வெறும் 1 டெசிபெல். அதாவது இரண்டும் கிட்டத்தட்டச் சமம், மீன் சந்தை நடுவில் நின்று கதைப்பது போல. குசினிக்குப் போகும் நடையில் பலம் மைனஸ் 96 ஆக இறங்கியது, விகிதமோ 12 ஆக ஏறியது. சுவர்கள் மற்றக் கோபுரங்களை மறைத்துவிட்டன. அழைப்பு தெளிந்தது. "கோடு இரண்டாகக் குறைந்துவிட்டதே" என்று அவர் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. நீங்களும் ஒருநாள் பல்கனியை விட்டு உள்ளே வந்து பாருங்கள். நிலையான தீர்வு வேண்டுமென்றால் உங்கள் கட்டடத்துக்கு ஃபைபர் வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். கண்ணாடி இழையில் அயலவரின் கோபுர இரைச்சல் இல்லை.

வீடியோ அழைப்பில் படம் நின்றுபோனாலும் குரல் மட்டும் தொடர்ந்து வருகிறதே, எப்படி? சில நேரம் முகம் பச்சையும் ஊதாவுமாக இழுபட்டுப் பேய் போலத் தெரிகிறது. – மட்டக்குளி மாணவர்

குரல் சாப்பிடுவது மிகக் குறைவு. இணைய அழைப்புகளில் பரவலாகப் பாவிக்கப்படும் ஓபஸ் என்ற ஒலிக் குறியீட்டு முறை 2012இல் தரநிலையானது. செக்கனுக்கு 6 கிலோபிட் கிடைத்தாலே அதனால் பேச்சைக் கடத்த முடியும். படத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோபிட் வேண்டும். பாதை குறுகியதும் செயலி முதலில் படத்தைத்தான் கைவிடும். தொலைந்த ஒலித் துண்டு ஒன்றுக்கும் பொதுவாக 20 மில்லிசெக்கன் நீளம்தான். முன்னால் வந்த ஒலியை வைத்து அந்த ஓட்டையைப் பூசிவிடலாம், காதுக்குத் தெரியாது.

பேய் முகத்தின் கதை வேறு. காணொளியில் ஒவ்வொரு சட்டமும் (ஃபிரேம்) முழுப் படமாக வருவதில்லை. முழுப் படம் ஒன்று எப்போதாவது வரும். இடையில் வருபவை எல்லாம் "முன்னைய படத்தில் இந்த இடம் இவ்வளவு நகர்ந்தது" என்ற குறிப்புகள். நடுவில் ஒரு குறிப்புத் தொலைந்தால் அடுத்தவை பிழையான முகத்தின் மேல் வந்து ஒட்டும். அடுத்த முழுப் படம் வரும்வரை அந்த அலங்கோலம் நீடிக்கும். இந்தச் சிக்கனம் இல்லாவிட்டால் வீடியோ அழைப்பே இல்லை. 2003இல் வந்த எச்.264 முறையை விட 2013இல் வந்த எச்.265, அதே தரத்தை ஏறக்குறையப் பாதி பிட்டுகளில் தருகிறது. கோபுரங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இந்தக் கணிதக்காரர்களை யாரும் நினைப்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் மனக்குறைதான்.

5ஜி கைப்பேசி வாங்கினால் இணைய விளையாட்டில் தாமதம் போய்விடுமா? – பம்பலப்பிட்டி

கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் இடையிலான தாமதம் குறையும். அதற்கு அப்பால் இயற்பியல் இருக்கிறது. உங்கள் விளையாட்டின் சேர்வர் சிங்கப்பூரில் இருந்தால் கொழும்பிலிருந்து நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்வர 27 மில்லிசெக்கன் கட்டாயம். மாத்தறையில் கரையேறும் சீமீவீ-5 போன்ற கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் கிடப்பதும் இல்லை. 7ஜி வந்தாலும் இது மாறாது.

வாங்குவதென்று தீர்மானித்துவிட்டால் ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வந்த கைப்பேசி என்றால், நம் சேவை நிறுவனங்கள் பாவிக்கும் அலைவரிசைகள் அதில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். புறக்கோட்டையில் பழையது வாங்குபவர்களுக்கும் இதுவே. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (அந்தக் கைப்பேசியின் அடையாள எண்), முன்னால் ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்துகளில் இட்டு இடைவெளி விட்டு, 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதில் வந்தபின் காசை எடுங்கள்.

தாமரைக் கோபுரம் அவ்வளவு உயரம். அதன் உச்சியில் ஒரு 5ஜி அண்டெனா வைத்தால் கொழும்பு முழுதுக்கும் போதாதா? – கொம்பனித்தெரு

போதும், பிறகு கொழும்பு முழுதும் ஒரே பானையில் கை வைக்கும். எல்லோருக்கும் ஒரே நிகழ்ச்சியை அனுப்பும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும்தான் 350 மீட்டர் உயரம் வரம். ஆளுக்கொரு படம் கேட்கும் காலத்தில் குட்டையான கோபுரங்கள் அடர்த்தியாக வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் எங்களுடையது பழைய கல் வீடு. முன் விறாந்தையில் ரவுட்டர். பின் அறையில் வைபை இல்லை. ரவுட்டரில் இரண்டு பெயர்கள் வருகின்றனவே, எதை எடுப்பது?

அந்த இரண்டு பெயர்களும் ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகள். 2.4 கிகாஹேர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, உங்கள் சுவர் ஒன்றிலேயே களைத்துவிடும். முன் அறையில் 5, பின் அறையில் 2.4. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹேர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. சோறு சூடாகும் மூன்று நிமிடம் வைபை தடுமாறினால் ஆச்சரியப்படவேண்டாம். ரவுட்டரை வீட்டின் நடுவுக்கு, ஆள் உயரத்துக்குக் கொண்டுவந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். நான் பார்த்த வீடுகளில் அது இருக்கும் இடம்: தொலைக்காட்சியின் பின்புறம், இரும்பு அலுமாரியின் மேல், ஒரு வீட்டில் மீன் தொட்டிக்குப் பின்னால். தண்ணீரும் இரும்பும் வானொலி அலைக்கு எமன்கள்.

மழை வந்தால் டிஷ் தொலைக்காட்சி போய்விடுகிறது, கைப்பேசி போவதில்லை. செய்மதி இணையம் எடுத்தால் அதுவும் மழையில் போய்விடுமா? – தெஹிவளை

டிஷ்ஷுக்கு வரும் அலை 12 கிகாஹேர்ட்ஸ் அளவில், அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளி சில மில்லிமீட்டர். அளவு நெருங்கும்போது துளிகள் அலையை விழுங்கவும் சிதறடிக்கவும் செய்கின்றன. கைப்பேசியின் 1.8 கிகாஹேர்ட்ஸ் அலையோ 17 சென்டிமீட்டர் நீளம்; துளிகளை அது கவனிப்பதே இல்லை.

2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்கும் டிஷ்ஷுக்கு அயலான அலைவரிசையில்தான் வீட்டோடு பேசுகிறது. அடைமழையில் சற்று வாடும். அதன் செய்மதிகள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகின்றன. தொலைக்காட்சிச் செய்மதி இருப்பது 35,786 கிலோமீட்டரில். ஆகவே தாமதம் மிகக் குறைவு. ஆனால் செய்மதிகள் வானத்தில் ஓடிக்கொண்டே இருப்பதால் அகலமான திறந்த வானம் வேண்டும். வளவில் தென்னை இருந்தால், மழையை விட ஓலைதான் உங்களுக்குத் தொல்லை தரும்.

பக்கத்து மொட்டைமாடியில் கோபுரம் வைத்துவிட்டார்கள். புற்றுநோய் வருமா? – கொச்சிக்கடை

இந்த அலைகளுக்கு அணுவிலிருந்து இலத்திரனைப் பிய்த்தெடுக்கும் சக்தி இல்லை. எக்ஸ் கதிரோடு ஒப்பிடக்கூடாது. 2011இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இவற்றை 2பி பிரிவில், "சாத்தியம் இருக்கலாம்" என்ற அளவில் வைத்தது. ஆசியப் பாரம்பரிய முறையில் ஊறவைத்த மரக்கறிகளும் அதே பிரிவில்தான். கற்றை பக்கவாட்டில் போவதால் கோபுரத்தின் நேர் கீழே அலை குறைவு. கோபுரம் தூரம் என்றால்தான் உங்கள் காதோடு ஒட்டிய கைப்பேசி உரக்கக் கத்தவேண்டும்.

மின்சாரம் போனால் சற்று நேரத்தில் இணையமும் போகிறது. குறுஞ்செய்தி மட்டும் எப்படியோ போகிறது. – வத்தளை

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டதாக அமைச்சர் சொன்னாரே, அன்று எனக்கும் இதே அனுபவம். கோபுரங்களில் பற்றரி உண்டு, சிலவற்றில் ஜெனரேட்டரும் உண்டு. ஆனால் எல்லோருடைய வைபையும் ஒன்றாக நின்றுவிடுவதால் முழு ஊரும் அதே நிமிடத்தில் கோபுரத்தின் மேல் ஏறுகிறது. பற்றரி தீரும் முன்பே பானை தீர்ந்துவிடும். உங்கள் வீட்டில் ஃபைபர் இருந்தால் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். வோல்ட் அளவு பெட்டிகளோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறுஞ்செய்தி போவதன் காரணம், அது வலையமைப்பு தனக்குள் குறிப்புப் பரிமாறும் வழியில் ஒட்டிக்கொண்டு போகிறது. 140 பைட்டுக்கு மேல் சுமையும் இல்லை, காத்திருந்து சேரவும் அதற்குத் தெரியும். ஆங்கிலத்தில் அந்த 140 பைட்டில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70 இடம்தான். அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும்: "கொழும்பு" கண்ணுக்கு நான்கு எழுத்து, கணக்கில் எட்டு. நீட்டி எழுதினால் இரண்டு செய்தியாகப் பிரிந்து, நெரிசலில் ஒன்று வந்து மற்றது வராமல் போகலாம். "வீட்டுக்கு வந்துவிட்டேன், பயமில்லை" என்பதற்கு 34 இடம் போதும்.