விலை ஏறினாலும் தவிப்பு ஏன்? எரிசக்தி உற்பத்தியாளர்களின் கேள்விகள்

கேள்வி: விலை ஏறினால் உற்பத்தியாளருக்குக் கொண்டாட்டம்தானே? அப்போதும் சில நிறுவனங்கள் பணத்துக்குத் தவிப்பது ஏன்?

ஆறு மாதம் கழித்து எடுக்கப்போகும் எண்ணெயை முன்பேரச் சந்தையில் இன்றே விற்றுவிட்டீர்கள் என்று வையுங்கள். விலை ஏற ஏற அந்த ஒப்பந்தம் நஷ்டம் காட்டும். அதற்கு ஈடான மார்ஜின் தொகையை, அதாவது பிணைப் பணத்தை, சந்தை அன்றன்றே கேட்கும். எண்ணெயோ இன்னும் பூமிக்குள் கிடக்கிறது. அதை விற்று வரும் பணம் பிறகுதான் வரும், மார்ஜினை இன்று மாலைக்குள் கட்டியாக வேண்டும். 2022-இல் ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறி, மின்விலையையும் மேலே இழுத்தது. மின்சாரத்தை முன்கூட்டியே விற்றிருந்த பின்லாந்தின் ஃபோர்டம் நிறுவனம், மார்ஜின் நெருக்கடிக்கு முன்னேற்பாடாக 235 கோடி யூரோ கடன் வசதியை அரசிடம் பெற்றது. ஆலோசனைக்கு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: விலை இரட்டிப்பானால் மார்ஜின் கட்டக் கையில் பணம் இருக்கிறதா?

கேள்வி: ஸ்வாப் நல்லதா, புட் ஆப்ஷன் நல்லதா?

ஸ்வாப் என்பது மாறும் சந்தை விலைக்குப் பதில் நிலையான விலையைப் பெறும் ஒப்பந்தம்; அது விலையை ஒரே இடத்தில் பூட்டிவிடும். கடன் தவணை நெருக்குபவர்களுக்கு அந்த நிச்சயம் தேவை. புட் என்பது குறித்த விலைக்கு விற்கும் உரிமை. அதை வாங்கினால் பிரீமியம், அதாவது உரிமைக்கான கட்டணம், போகும், ஆனால் விலை ஏறும்போது லாபம் உங்களுக்கே. மார்ஜின் தொல்லையும் இல்லை. மெக்சிகோ அரசு பல ஆண்டுகள் தன் எண்ணெய்க்குப் புட் வாங்கியிருக்கிறது. விலை சரிந்த 2015-இல் அதற்குக் கிடைத்தது 600 கோடி டாலருக்கு மேல். விலை சரியாத ஆண்டுகளில் கட்டிய பிரீமியத்தை வீண்செலவு என்று திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: மொத்த உற்பத்தியையும் இப்படி ஹெட்ஜ் (விலை மாற்றத்துக்கு எதிரான காப்பு) செய்யலாமா?

வேண்டாம். கிணறு ஒன்று பழுதானால், கையில் இல்லாத எண்ணெயை விற்றவராகிவிடுவீர்கள்.

கேள்வி: அமெரிக்க எரிவாயுவின் அடையாள விலையான ஹென்றி ஹப் விலையில் ஹெட்ஜ் செய்தும் எரிவாயுவில் அடி வாங்கினோம். எப்படி?

உங்கள் வாயு ஹென்றி ஹப்பில் விற்பனையாவதில்லை என்பதால்தான். நீங்கள் விற்கும் இடத்து விலை, ஹெட்ஜ் செய்த இடத்து விலையிலிருந்து விலகிப்போகும் இந்த ஆபத்துதான் பேசிஸ் ரிஸ்க். மேற்கு டெக்சாஸின் வாஹா மையத்தைப் பாருங்கள்: அங்கே எண்ணெயோடு சேர்ந்தே வாயு வெளிவருகிறது, எண்ணெய் லாபம் தரும்வரை யாரும் கிணற்றை மூடுவதில்லை, குழாய்களிலோ இடமில்லை. 2024-இல் பல நாட்கள் அங்கே விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. லூசியானாவின் ஹென்றி ஹப்பில் அதே நாட்களில் வாயுவுக்கு விலை இருந்தது. இந்த இரண்டு விலைகளுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பூட்டும் பேசிஸ் ஸ்வாப்பையும் சேர்த்து வாங்குங்கள், அல்லது குழாயில் உறுதியான இடத்தை முன்பதிவு செய்யுங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் குழாயைத்தான் தேர்வேன்.