ஆனையும் கடற்பசுவும் சொந்தமோ?

கேள்வி: கடற்பசுவும் ஆனையும் ஒரே வம்சம் எண்டு மகன் சொல்லுறான், உண்மையோ? - வாசகி, குருநகர்

பதில்: ஓம் தங்கச்சி, மகன் சொன்னது சரிதான். பேரிலதான் பசு, திமிங்கிலம் டொல்பினை விட ஆனைதான் அதுக்குக் கிட்டின சொந்தம். ரெண்டுக்கும் பால்மடி முன்னங்கால் பக்கம், கடற்பசுவுக்கு அது துடுப்புக்குப் பின்னால கிடக்கு, வளந்த ஆணுக்கு சின்னத் தந்தமும் வெளிய வரும் பாருங்கோ. நிறையிலதான் கிட்ட நிக்கேலாது, ஆனை 4, 5 தொன் போகும், இது 400 கிலோ மட்டில. மன்னார்ப் பக்கம் கடற்புல்லை வேரோட கிண்டித் தின்னும், தின்ன இடம் வரி வரியாத் தெரியும். மூச்செடுக்க அடிக்கடி மேல வரவேணும், வலையில மாட்டினா அதுதான் வினை. இறைச்சி கேட்டு வாறவைக்குச் சொல்லி வையுங்கோ, பிடிக்கிறது சட்டப்படி குற்றம்.